இடக்கை கட்டிய காயில்

நிலாக் கணக்கில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் நான் கவிச்சி தொடுவதில்லை. ஷாஜிங் ஊரில் கம்பிச்சுருள் கட்டுகிற அந்தக் காயில் பட்டறைக்கு வேலைக்குப் போன புதிதில் இதை யாரிடமும் சொல்லவில்லை. பத்தொன்பது பேருக்கு ஒரே சட்டியில் பன்றிக் கொழுப்பு போட்டு வதக்குகிற இடம். ஐம்பது வயசுக்காரி ஒருத்திக்காக யார் தனியாகச் சட்டி கழுவுவார்கள்? அந்த இரண்டு நாளும் வெறும் சோற்றில் சுடுதண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

மூன்றாவது தடவை என் தட்டில் கடலை எண்ணெயில் வதக்கிய கீரை இருந்தது. கொழுப்பு வாடையே இல்லை. இன்றைக்குக் கொழுப்பு தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த பதினைந்தாம் நாளும் அப்படியே. அதற்கடுத்த முதல் நாளும் அப்படியே. ஆறு மாதம் கழித்து ஒரு காலையில் வெந்நீர் பிடிக்க அடுப்படிக்குப் போனபோதுதான் பார்த்தேன். சுவரில் ஒரு சின்னச் சட்டி மற்ற சட்டிகளோடு சேராமல் தனியாகத் தொங்கியது. பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. என்ன இது என்று சமையல்காரி தாவ்யேயைக் கேட்டேன். அது ஓட்டைச் சட்டி, அதனால் ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்றாள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓட்டை இல்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள், இடது கையால்.

மோ தாவ்யேயைப் பற்றி யாராவது திமிர் பிடித்தவள் என்று சொன்னால் எனக்கு அந்தச் சட்டிதான் ஞாபகம் வரும். திமிர் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பொய் சொல்வதில்லை என்று, நான் கும்பிடுகிற குவான்யின் தாயாருக்கு முன்னால் சத்தியம் செய்தவள் நான். ஆனால் அந்தத் திமிரை அவள் ஒருநாளும் தனக்குக் கீழே இருப்பவர்களிடம் காட்டியதில்லை.

எங்கள் பட்டறை மூன்றாவது மாடியில். முதலாளி ஓயாங் முன்பு செல்போன் சார்ஜர் செய்து விற்றவர். சிகரெட்டுக்குப் பதிலாக ஆவி இழுக்கிற கருவி வந்ததும் இந்தத் தொழிலுக்கு மாறினார். அப்போது எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் இதுதான் வேலை. இயந்திரத்தில் சுற்றிய காயில் மூட்டை மூட்டையாகப் போகும். எங்களுடையது கையால் கட்டுவது. அதைத் தேடி வாங்குகிறவர்கள் வேறு ரகம், ஒவ்வொரு சுற்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள்.

ஜன்னலை ஒட்டி நீள மேசை, ஆறு நாற்காலி, ஆறிலும் ஆண்கள். ஒவ்வொருவர் முன்னாலும் இடது ஓரத்தில் ஒரு சின்ன மோட்டார் திருகாணி போட்டு இறுக்கியிருக்கும். வலது ஓரத்தில் மீன்தூண்டிலில் போடுகிற சுழல் வளையம். இரண்டுக்கும் நடுவே மூன்று கனத்த கம்பிகளைச் சேர்த்து இழுத்துக் கட்டுவார்கள். காலால் மிதித்தால் மோட்டார் அந்தக் கம்பிகளைச் சுழற்றும். தலைமுடிக் கனத்தில் இருக்கிற இன்னொரு கம்பியை வலது விரலால் வழிநடத்தி, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி இல்லாமல் அதன்மேல் ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்ததை எஃகுக் குச்சியில் ஐந்து சுற்று சுற்றி வெட்டினால் காயில். இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கும். கருவியின் தலையில் கட்டைவிரல் அளவு ஒரு கிண்ணி உண்டு, அதற்குள் இருக்கிற தூண்களில் அந்தக் கால்கள் போய் உட்காரும். சுருளுக்குள் பஞ்சைச் செருகுவதற்கு முன் மின்சாரம் கொடுத்துப் பார்த்தால் நடுவில் சிவந்து, அங்கிருந்து இரண்டு ஓரத்துக்கும் ஒரே சீராகப் பரவ வேண்டும். ஓரம் முதலில் சிவந்தால் அது குப்பைக்கு.

பெண்கள் பொட்டலம் கட்டுவோம், பஞ்சு வெட்டுவோம். காயில் கட்டுகிறவர்கள் முதலில் சாப்பிடுவார்கள், நாங்கள் பிறகு, தாவ்யே எல்லோருக்கும் பிறகு. சட்டம் ஒன்றும் இல்லை, அப்படித்தான் இருந்தது.

அந்த ஆவி மனுஷருக்கு நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. தாயாரிடம் பலதடவை கேட்டிருக்கிறேன், பதில் வந்ததில்லை. தாவ்யே ஒருநாளும் வாயில் வைத்தவள் இல்லை. அவளுக்குப் பிடித்தது கம்பி.

அது எப்படிப் பிடித்தது என்றால், கூட்டும்போது. தரையில் விழுந்து கிடக்கிற கம்பித் துண்டுகளை அவள்தான் கூட்டி அள்ளுவாள். மேசையின் தலைவன் லியாங் மாஸ்டர். வயது இருபத்தேழு, இரண்டு கையிலும் முழங்கை வரை பச்சை குத்தியவன். மீன்செதில் மாதிரி அடுக்கடுக்காகத் தெரிகிற ஒரு காயில் கட்டுவான், அது அவன் ஒருத்தனுக்குத்தான் வரும். அவன் தூக்கிப் போட்ட ஒரு செதில் துண்டைத் தாவ்யே தன் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து என்னிடம் காட்டினாள். முழுவதையும் பிரித்திருந்தாள்.

“லான் அக்கா, இது ஏமாத்து வேலைக்கா. மொதல்ல ஒரு தடவ சுத்தி, நடுக்கம்பிய உருவிடறான். மேல இருந்த மெல்லிசு ஸ்ப்ரிங் மாதிரி தொளதொளன்னு ஆயிடுது. அத இழுத்து வச்சு மறுபடி சுத்தறான். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று அவள் சொன்னதைக் கற்றுக்கொள்ள அவளுக்குப் பதினாலு மாதம் ஆனது.

லியாங்கிடம் கேட்டுப் பார்த்தாள். அவன் கெட்டவன் இல்லை, சிரித்துக்கொண்டே சொன்னான், இடக்கைக்காரிக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தனக்குத் தெரியாது என்று. மோட்டார் இடப்பக்கம் இருக்கிறது, வலது கைதான் கம்பி ஏற்ற வேண்டும். அவள் உட்கார்ந்தால் கை குறுக்கே வரும். அதோடு பேச்சு முடிந்தது.

அவள் பழைய இரும்புக்காரனிடமிருந்து கையால் சுற்றுகிற ஒரு துளைக் கருவி வாங்கி வந்தாள். தச்சர்கள் வைத்திருப்பார்களே, பக்கத்தில் ஒரு பிடி வைத்து, அந்த மாதிரி. அதை அடுப்படி மேசையில் இறுக்கினாள். எதிரே ஜன்னல் கம்பியில் தூண்டில் வளையம். வலது கையால் பிடியைச் சுற்றினாள், இடது விரலால் கம்பியை ஏற்றினாள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்தால் நாலு மணிக்கு அரிசி களைய வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் அவளுடையது. நான் என் ஓய்வு நேரத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன்.

முதல் இரண்டு மாதம் விரல்நுனி முழுக்கக் கீறல். உப்புக் காய்கறி போடுகிற நாளில் பல்லைக் கடித்துக்கொண்டு கை விடுவாள். கம்பியை நேராகப் பிடித்தால் இடைவெளி விழும். ரொம்பச் சாய்த்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். ஏற்கெனவே சுற்றியதன்மேல் மயிரிழை சாய்ந்து, அதை உரசிக்கொண்டே போக வேண்டும். சரியாகப் போனால் ஒரு சத்தம் வரும், அரிசியில் கல் பொறுக்கிப் போடுவது மாதிரி, டிக் டிக் என்று. மோட்டார் இரைச்சலில் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது. கையால் சுற்றினதால் அவளுக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு கட்டுவாள். சத்தம் மாறினால் நிறுத்தி ஒரு சுற்று பின்னால் போவாள்.

நான் ஒருமுறை கேட்டேன், எதற்கம்மா இந்தக் கஷ்டம், சோறு ஆக்கினால் மரியாதையாகத்தானே வைத்திருக்கிறார்கள் என்று. அவள் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள். நாலாம் வகுப்பு வரை போயிருக்கிறாள். வாத்தியார் அவளது இடது கையை முதுகுக்குப் பின்னால் துணியால் கட்டிவிடுவாராம். வலது கையால் எழுதக் கற்றுக்கொண்டாள், குச்சி பிடித்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டாள்.

“இந்த வலது கை அடிக்குப் பயந்து வேல செய்யுது. இந்த இடது கை தானா செய்யுது. முப்பத்தஞ்சு வருஷமா நான் பயந்த கையாலதான் சாப்பிடறேன்க்கா. கம்பியாவது பயப்படாத கையால கட்டிட்டுப் போறேன்.”

அப்போது நான் எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொன்னேன். கோவிலில் ஊதுபத்தி செருகுவது இடது கையால்தான். வலது கை கொல்லுகிற கை, கோழி அறுக்கிற கை. இடது கைதான் சுத்தம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நெசமாவா? அப்ப உங்க சாமி எங்க கட்சி.”

“எங்க கட்சி உங்க கட்சின்னு சாமிகிட்ட பேசாத” என்றேன்.

“நான் கோழி அறுக்கறதும் இந்தக் கைதான்க்கா. அத மட்டும் சொல்லிடாதீங்க.”

வசந்த விழா விடுமுறை முடிந்து எல்லோரும் ஊரிலிருந்து திரும்பினோம். மேசையில் ஒருவன் திரும்பவில்லை. எப்போதும் அப்படித்தான், போகிறவர்களில் ஒன்றிரண்டு பேர் ஊரிலேயே தங்கிவிடுவார்கள். ஆறாவது நாற்காலி காலியாக இருந்தது. அது சுவர் வேர்க்கிற மாதம், தரையெல்லாம் ஈரம், நான் டப்பாவுக்குள் போடுகிற அட்டைகள் எல்லாம் சுருண்டுகொண்டிருந்தன. அந்த ஈரத்தில் தாவ்யே முதலாளி முன்னால் போய் நின்று, அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்றாள்.

ஓயாங் சிரித்தார். அவரும் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். பெரிய ஆர்டர் ஒன்று கையில் இருந்தது. பத்து ஜோடி செதில் காயில் கட்டிக் கொண்டு வா, லியாங் பார்த்துச் சொல்லட்டும் என்றார்.

ஐந்து நாளில் கட்டினாள். கட்டியதை ஒரு சோயா பால் மூடியில் பஞ்சு பரப்பி அடுக்கி எடுத்து வந்தாள். லியாங் முதல் காயிலைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தான். ரொம்ப நேரம் பார்த்தான். இரண்டாவதை எடுத்தான். மேசையில் மற்ற நாலு பேரும் மோட்டாரை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்கள். தாவ்யே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் அட்டைகளுக்குப் பின்னால் இருந்து தாயார் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு லியாங் காயிலை மேசைமேல் இருந்த கிண்ணியில் வைக்கப் பார்த்தான். உட்காரவில்லை. திருப்பி வைத்தான். உட்காரவில்லை. கால்கள் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. கிண்ணியின் தூண்களோ வலப்பக்கம். அவள் இடது கையால் குச்சியில் சுற்றியதால் சுருளே மறுபக்கமாகத் திரும்பியிருந்தது. இடது கால் செருப்பை எப்படித் திருப்பிப் போட்டாலும் வலது காலுக்குச் சேராதே, அது மாதிரி. பதினாலு மாதம் அடுப்படியில் கட்டியவளுக்கு ஒருநாளாவது கிண்ணியில் மாட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. அவளிடம் கிண்ணி இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

லியாங் சிரிக்க ஆரம்பித்தான். “சமையல் அக்கா, இத என்ன கண்ணாடில பாத்துக் கட்டினீங்களா?”

“கண்ணாடிக்குள்ள இருக்கிறவனுக்கு வித்துடலாம் மாஸ்டர்” என்றான் இன்னொருவன். மேசை முழுக்கச் சிரிப்பு. பொட்டலம் கட்டுகிற பெண்களில் கூட இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஓயாங் மட்டும் சிரிக்கவில்லை. காயிலை எடுத்துப் பார்த்தவருக்கு வேலை நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. “மத்ததெல்லாம் சரியாத்தானே இருக்கு. கடைசி அஞ்சு சுத்துதானே தப்பு. அத வலது கையால சுத்தும்மா. முடியாதுன்னா கரண்டியப் பிடி.”

அன்றைக்கு மத்தியானம் அவள் அடுப்படியில் வலது கையால் சுற்றிப் பார்த்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் நூல் போகிற அளவு சந்து விழுந்தது. மின்சாரம் கொடுத்திருந்தால் ஓரம்தான் முதலில் சிவந்திருக்கும். மூன்று தடவை பார்த்தாள். நாலாவது தடவை குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். பழகினால் வந்துவிடும், ஒரு மாதம் பொறு என்று நான் சொன்னேன். சமாதானமாகப் போவதுதான் எனக்கு எப்போதும் தெரிந்த வழி.

“வரும்க்கா. எழுத வந்துச்சு, சாப்பிட வந்துச்சு, இதுவும் வரும். அது எனக்கு வேண்டாம்” என்றாள்.

அழவில்லை. நாலு மணிக்கு அரிசி களைந்தாள். அன்றைய சாப்பாட்டில் மேசைக்காரர்களுக்கு மிளகாய் கொஞ்சம் அதிகம் விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் இரண்டு மூன்று நாள் அவள் குப்பை கூட்டும்போது எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைப் பிரித்தாள். உள்ளே பயன்படுத்திக் கழித்த பஞ்சு, ஏழெட்டுத் துணுக்கு. எல்லாமே ஒரு முனை மட்டும் கருகி, மறுமுனை வெள்ளையாக. லியாங்கின் சாம்பல் தட்டிலிருந்து பொறுக்கியது. அவன் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிற கருவி இருக்கிறதே, ஒற்றைக் காயில் போடுகிறது, அவன் உயிருக்கு உயிராக வைத்திருந்தது, அதிலிருந்து வந்த பஞ்சு. மற்றவர்கள் கழிக்கிற பஞ்சு எங்கேயும் இப்படி இல்லை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி குடும்பத்தோடு சிப்பி சாப்பிட வெளியே போய்விடுவார். மாதிரிக் கிண்ணிகள் வைத்திருக்கிற அலமாரிச் சாவி பொட்டலம் கட்டுகிற என்னிடம்தான் இருக்கும். திருடக் கூடாது என்பதும் நான் எடுத்த சத்தியத்தில் உண்டு. பார்ப்பது திருட்டு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திறந்தேன். முப்பத்தொரு கிண்ணி இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து அவள் காயிலை வைத்துப் பார்த்தாள். இருபத்திரண்டில் உட்காரவில்லை. ஒன்பதில் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. அந்த ஒன்பதுக்கும் தூண் இடப்பக்கம் பார்த்து வைத்திருந்தது. இத்தனை நாளும் மேசைக்காரர்கள் அந்த ஒன்பது வகைக்கும் வலப்பக்கக் காயிலைக் கொடுத்து, வாங்குகிறவன் ஒரு காலை மடக்கிச் செருகிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். மடக்கிய இடத்தில் சூடு ஏறும். அந்தப் பக்கத்துப் பஞ்சு கருகும்.

ஒன்பதின் பேரையும் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினோம். எனக்கு இரண்டு எழுத்து மறந்துபோயிருந்தது, அவளுக்கு மூன்று. படம் வரைந்து வைத்தோம்.

திங்கள்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது மேசைக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தாவ்யே சோற்றுப் பானையைக் கொண்டு வந்து வைத்துவிட்டு மூடியைத் திறக்கவில்லை. லியாங்குக்கு முன்னால் இடது கையை நீட்டி, கழுத்தில் தொங்குகிறதைக் கழற்றிக் கொடு என்றாள். அவன் எதற்கு என்று கேட்டான். பசிக்கிறது என்றான். கொடுத்தால் பானை திறக்கும் என்றாள். மற்றவர்கள் தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள், குடுங்க மாஸ்டர், குடுங்க மாஸ்டர் என்று. அவன் கழற்றிக் கொடுத்தான்.

பழைய காயிலை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்தாள். இரண்டு காலும் நேராகப் போய் உட்கார்ந்தன. திருகாணியை இறுக்கி, பஞ்சு போடாமலே பொத்தானை அமுக்கினாள். நடுவில் ஒரு சிவப்பு. அது பூ மலர்கிற மாதிரி இரண்டு ஓரத்துக்கும் ஒரே நேரத்தில் போனது. ஓயாங் அப்போது தன் அறை வாசலில் நின்றிருந்தார். பிறகு பஞ்சு செருகி, ஆவியாகிற திரவத்தில் நனைத்து, அவனிடம் கொடுத்தாள்.

லியாங் ஒரு இழுப்பு இழுத்தான். இன்னொரு இழுப்பு இழுத்தான். மூன்றாவது தடவை இழுத்துவிட்டுக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மூணு வருஷமா இது எனக்குக் கருகல் வாசனதான் குடுத்திட்டிருந்துச்சு. கிண்ணிதான் மட்டம்னு நெனச்சேன்” என்றான்.

“கிண்ணி மேல குத்தமில்ல. அதுவும் இடக்கைதான்” என்று சொல்லிவிட்டுத் தாவ்யே பானையைத் திறந்தாள்.

அந்த வாரமே அவளுக்கு ஆறாவது நாற்காலி கிடைத்தது. அடுப்படிக்கு வேறு ஆள் வந்தாள், அவளுக்குக் கீரையில் உப்பு போடத் தெரியாது. தாவ்யே முதல் நாள் மேசைக்கு வந்ததும் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். இடது ஓரத்தில் இருந்த மோட்டாரின் நாலு திருகாணியையும் கழற்றி, வலது ஓரத்துக்குக் கொண்டு போய் மாட்டினாள். தூண்டில் வளையத்தை இடப்பக்கம் மாற்றினாள். பக்கத்து நாற்காலிக்காரன், முழங்கை இடிக்கும் என்று முணுமுணுத்தான். இடித்தால் நீ தள்ளிக்கோ, நான் நாற்பது வருஷம் தள்ளிக்கொண்டேன் என்றாள்.

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

எங்கள் காயில் டப்பா ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை போகும். அதில் லியாங்கின் பச்சை குத்திய கைகளின் படம், கீழே ‘மாஸ்டர் லியாங் கைக்கட்டு’ என்று அச்சு. மேசையில் மற்றவர்கள் கட்டியதற்கும் அதே அட்டைதான், அவர்கள் யாரும் கேட்டதில்லை. தாவ்யே கேட்டாள். சேர்ந்த அன்றே முதலாளியிடம் சொல்லிவிட்டாள், தான் கட்டியதில் தன் கை படம் போடுங்கள், இல்லாவிட்டால் படமே வேண்டாம் என்று. ஓயாங் சரி சரி என்று தலையாட்டினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எண்ணெய் தெறித்த தழும்பும் மடங்கிய நகமும் இருக்கிற நாற்பத்து நாலு வயசுக்காரியின் கையைப் பார்த்து எவன் வாங்குவான், லியாங் அட்டையையே போடு, அவளிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

நான் போட்டேன். பதினொரு நாள். அவள் கட்டிக் கொடுத்த ஒவ்வொரு ஜோடியையும் டப்பாவில் வைத்து, மேலே அவன் கையை வைத்து மூடினேன். வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் நிலாக் கணக்கில் முதல் நாள். காலையில் ஊதுபத்தியைக் கொளுத்தி இடது கையில் எடுத்தேன். செருக முடியவில்லை. அந்தக் கைதானே அட்டை போட்டது, சுத்தமான கை என்று நான் அவளிடம் பெருமையாகச் சொன்ன கை.

ஊதுபத்தியை அணைத்து வைத்துவிட்டு நேராக மேசைக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லோர் காதிலும் விழுந்தது. அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மோட்டாரை நிறுத்தினாள். கையிலிருந்த கம்பியை அறுக்காமல் பத்திரமாகக் கழற்றி வைத்தாள்.

“எத்தன டப்பா இன்னும் வெளிய போகல?”

“நூத்திப் பத்து இருக்கும்” என்றேன்.

“கொண்டாங்க.”

கொண்டு வந்தேன். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து அட்டையை எடுத்து ஒரு பக்கம் அடுக்கினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து திறந்தேன். ஓயாங் வந்து பார்த்தார். சாயங்காலம் வண்டி வருகிறது, என்ன செய்கிறாய் என்று கத்தினார். வேலை செய்கிறேன் என்றாள் தாவ்யே. அவர் அவளை விட்டுவிட்டு லியாங் பக்கம் திரும்பி, நீ சொல்லுடா, உன் பேருதானே என்றார். அவர் எதிர்பார்த்தது வேறு. லியாங் எழுந்து நின்று அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

“மொதலாளி, இது இடப்பக்கக் காயில். பாக்கத் தெரிஞ்சவன் எவனும் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவான், இது என் கை இல்லன்னு. என்னால இது மாதிரி கட்ட முடியாது. நாளைக்கு எவனாவது வந்து, எங்க கட்டிக் காட்டுன்னா நான் என்ன செய்றது? என் பேர எடுத்துடுங்க.”

ஓயாங்குக்கு அது தாங்கவில்லை. இருபது வருஷம் முதலாளியாக இருந்தவர், சமையல்காரியும் பொட்டலக்காரியும் மாஸ்டரும் ஒரே காலையில் எதிர்த்துப் பேசினால் என்ன செய்வார். லியாங்கை அனுப்ப முடியாது. என்னிடம் அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டார். தாவ்யேயிடம், நீ திரும்ப அடுப்படிக்குப் போ, புதுசாக வந்தவள் சமைப்பது வாயில் வைக்க முடியவில்லை, உன் கையை அங்கே காட்டு என்றார். அதைச் சமாதானமாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அவருக்கு அவள் சமையல் உண்மையிலேயே பிடிக்கும்.

“போறேன் மொதலாளி. ஆனா வெளிய போறேன். நாற்காலில இருந்து எந்திரிச்சுப் போறேன், அடுப்படில இருந்து இல்ல” என்றாள்.

நூற்றுப் பத்து டப்பாவும் முடிகிறவரை அவள் எழவில்லை. முடித்துவிட்டு மேசையைத் துடைத்தாள். மோட்டாரை மட்டும் பழைய இடத்துக்கு மாற்றவில்லை. அப்படியே வலது ஓரத்தில் விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ஹூமன் போகிற பேருந்து நிற்கிற இடத்துக்கு அவளோடு நடந்தேன். ஹூமனில் ஒரு பட்டறை இருக்கிறது. அந்த ஒன்பது வகைக் கிண்ணியில் இரண்டை அவர்களே செய்கிறவர்கள். எங்கள் டப்பாவில் போன அவள் காயிலைப் பார்த்துவிட்டு, கட்டினது யார் என்று லியாங்குக்குப் போன வாரம் போன் போட்டிருக்கிறார்கள். அவன் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான். நேற்று அவள் படியிறங்கும்போது பின்னாலேயே ஓடிவந்து அந்த எண்ணைக் கொடுத்தானாம், தன் கை படம் போட்ட அட்டையின் பின்பக்கத்தில் எழுதி. அதை எனக்குக் காட்டினாள். பச்சை குத்தின கைகளைத் திருப்பினால் கிறுக்கலாகப் பதினொரு இலக்கம்.

அவள் கையில் இரண்டு பை. ஒன்றில் துணி. இன்னொன்றில் அந்தக் கையால் சுற்றுகிற துளைக் கருவி, கனமாகத் தொங்கியது. சிவப்பு நூல் கட்டின சட்டியை என்னிடம் கொடுத்துவிட்டாள், ஓட்டைச் சட்டி, எனக்கு எதுக்கு என்று.

நான் என் ஜெபமாலையைக் கழற்றி அவள் மணிக்கட்டில் போட்டேன். அவள் எந்தக் கை என்று கேட்கவில்லை, தானாக இடது கையை நீட்டினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. புது இடம், தெரியாத ஆட்கள். முதல் ஒரு மாதமாவது அவர்கள் எப்படி உட்காரச் சொல்கிறார்களோ அப்படி உட்கார், வலது கையால் செய்யச் சொன்னால் கொஞ்ச நாள் செய், பழகினதுக்கு அப்புறம் உன் இஷ்டம் என்று சொன்னேன். பேருந்து வந்து நின்றது. அவள் படியில் ஏறிவிட்டுத் திரும்பி, மேலங்கிப் பையைத் தட்டிக் காட்டினாள்.

“ஸ்க்ரூ டிரைவர் இங்க இருக்குக்கா. மொதல்ல மோட்டார மாத்தி வைப்பேன். அதுக்கப்புறம் என் பேரு என்னன்னு கேக்கட்டும், சொல்றேன்.”